கண்ணாடிக்குள் ஒரு பாகப்பிரிவினை

வெறுங்கண்ணுக்கு ஒரே சீராகத் தெரியும் கண்ணாடித் துண்டு ஒன்றுக்குள், வேதியியல் அமைப்பில் வேறுபட்ட இரண்டு கண்ணாடிகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கிடக்கக்கூடும். அவற்றுக்கு இடையிலான தொலைவு பல நேரங்களில் சில நானோமீட்டர் அளவே இருப்பதால், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் கிடைக்கும் சிறு கூறுகளில் சிலவே இருப்பதால், சாதாரண நுண்ணோக்கியும் அந்தப் பிரிவைக் காட்டுவதில்லை. உருகிய குழம்பு ஆறும்போதோ, ஆறிய கண்ணாடியை மீண்டும் சூடேற்றும்போதோ இவ்வாறு இரண்டாகப் பிரிவதை நிலைப்பிரிகை என்றும், பிரிந்த பகுதி ஒவ்வொன்றையும் ஒரு நிலை என்றும் குறிப்பிடலாம். பிரிகிறதா என்பதைக் காட்டிலும் பிரிந்தபின் சோடியம், கால்சியம், இரும்பு, பாஸ்பரஸ் போன்ற தனிமங்களில் எது எந்தப் பக்கம் சேர்ந்தது என்பதே பெரிய கேள்வி. கூட்டுக் குடும்பம் பிரியும்போது சொத்தின் மொத்த மதிப்பைவிட, வாய்க்காலை ஒட்டிய வயல் யார் பங்குக்குப் போனது என்பதே பிற்கால வாழ்வைத் தீர்மானிப்பது போல, கண்ணாடியின் வலிமையும் நீரில் கரையும் தன்மையும் உடலோடு ஒட்டும் இயல்பும் அந்தப் பங்கீட்டைப் பொறுத்தே அமைகின்றன. அந்தப் பங்கீட்டை மாற்றும் கருவி, குழம்பில் சில சதவீதம் மட்டும் கலக்கப்படும் சேர்மானம்.

இந்தச் செய்தியை விளக்கத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் தென்னகத்தில் அரிது. எலும்பில் பதிக்கும் கண்ணாடிப் பொருள்களை ஆராயும் ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு பூஜப்புரையில் இருக்கிறது. மின்னணுப் பீங்கான்களை ஆராயும் மத்திய அரசின் ஆய்வகம் பாப்பனங்கோட்டில் இருக்கிறது. கடற்கரை மணலிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடைப் பிரிக்கும் ஆலை கொச்சுவேளியிலும், விண்கலங்களுக்கு வெப்பக் காப்பு ஓடுகளை உருவாக்கிய விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் தும்பாவிலும் இருக்கின்றன. நான்கும் வெவ்வேறு நோக்கம் கொண்டவை. ஆயினும் நான்கின் மூலப்பொருள்களுக்குப் பின்னாலும் இந்தப் பங்கீட்டுக் கேள்வி ஏதோவொரு வடிவில் நிற்கிறது.

கண்ணாடியின் உள்ளமைப்பை முதலில் நோக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியின் முதுகெலும்பு சிலிக்கா. அதில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களால் சூழப்பட்டு, அந்த ஆக்சிஜன்கள் வழியே அடுத்த சிலிக்கானோடு கைகோத்து, ஒழுங்கற்ற ஒரு வலையாகப் பரவுகிறது. 1932-இல் சக்காரியாசன் முன்வைத்த இந்தச் சித்திரம் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. போரானும் பாஸ்பரஸும் இதேபோல் வலை கட்ட வல்லவை. சோடியம், கால்சியம் போன்றவை வலை கட்டாதவை. அவை ஆக்சைடாக உள்ளே நுழைந்து, இரண்டு சிலிக்கான்களை இணைத்து நின்ற ஆக்சிஜன் பாலங்களை முறிக்கின்றன. பாலங்கள் முறிய முறிய வலை தளர்கிறது, உருகும் வெப்பம் குறைகிறது, கண்ணாடியை வடிப்பது எளிதாகிறது. தூய சிலிக்காவை உருக்க ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டியிருக்க, சோடாவும் சுண்ணாம்பும் கலந்த ஜன்னல் கண்ணாடி அதைவிடப் பல நூறு டிகிரி குறைவான வெப்பத்திலேயே வடிவதற்கு இதுவே காரணம்.

ஆக்சிஜனைத் தன் பக்கம் இழுத்துத் தன்னைச் சுற்றி நிறுத்திக்கொள்ள ஒவ்வோர் அயனியும் முயல்கிறது. மின்சுமை மிகுந்தும் உருவில் சிறுத்தும் உள்ள அயனி இந்தப் போட்டியில் வலியது. சிலிக்கானும் போரானும் வெவ்வேறு விதமாகத் தம் ஆக்சிஜன்களை அடுக்க விரும்புவதால், உயர்ந்த வெப்பத்தில் கலந்திருக்கும் குழம்பு, வெப்பம் தணிகையில் சேர்ந்திருப்பதைவிடப் பிரிந்திருப்பதே ஆற்றல் கணக்கில் இலாபம் என்ற எல்லையைத் தொடுகிறது. அந்த எல்லைக்குக் கீழே இரண்டு வழிகளில் பிரிவு நிகழும். ஒன்றில், ஒரு நிலை சிறு சிறு துளிகளாக மற்றதற்குள் தோன்றி வளர்கிறது. மற்றொன்றில், குழம்பு முழுவதும் ஒரே நேரத்தில் செறிவு ஏற்றத்தாழ்வு அலைபோல் எழுந்து, இரண்டு நிலைகளும் தொடர்ச்சி அறுபடாமல் பின்னிப் பிணைந்த புழைகளாக அமைகின்றன. இந்த இரண்டாவது வகைக்கு 1960-களில் ஜான் கான் கணிதக் கோட்பாடு தந்தார். கேட்பதற்கு நுணுக்கமான வேறுபாடாகத் தோன்றினாலும் நடைமுறையில் இதன் விளைவு பெரிது. துளியாகப் பிரிந்த பகுதி மூடிய அறைக்குள் கிடக்கும். பின்னிப் பிணைந்த பகுதியை அமிலம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கரைத்துக்கொண்டே போய்விடும்.

அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ஹூட், நார்ட்பர்க் என்ற இருவர் 1930-களில் இந்த இரண்டாம் வகையைத் தொழிலாக மாற்றினர். சோடியமும் போரானும் சிலிக்காவும் கலந்த கண்ணாடியை வழக்கமான முறையில் உருக்கி வடிவம் கொடுத்து, 500 முதல் 600 டிகிரி வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால், ஏறத்தாழத் தூய சிலிக்காவான ஒரு நிலையும், சோடியமும் போரானும் செறிந்த மற்றொரு நிலையும் உண்டாகின்றன. சூடான அமிலத்தில் இட்டால் இரண்டாவது நிலை கரைந்து வெளியேறும். எஞ்சுவது சில நானோமீட்டர் புழைகள் நிறைந்த, 96 சதவீதம் சிலிக்கா கொண்ட எலும்புக்கூடு. இதை 1,200 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் புழைகள் மூடி, கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகச் சுருங்கி, தெளிந்த கண்ணாடியாகிறது. தூய சிலிக்காவை உருக்கும் செலவும் தொல்லையும் இல்லாமல் அதற்கு நிகரான பொருளைப் பெறும் இந்த வழிக்கு வைகோர் என்று வணிகப் பெயர் அமைந்தது. இதில் பெரும்பாலான நூல்கள் ஒரு வரியில் தாண்டிவிடும் உண்மை ஒன்று உண்டு: மணலில் மாசாக இருந்த இரும்பு, பிரிவின்போது போரான் பக்கமே பெரிதும் போய்ச் சேருகிறது, அமிலம் அதையும் சேர்த்துக் கழுவிவிடுகிறது. யாரும் தனியே முயலாமல், பங்கீடே தூய்மைப்படுத்தும் வேலையைச் செய்துவிடுகிறது.

அமெரிக்க விண்ணோடத்தின் வெப்பக் காப்பு ஓடுகளுக்குப் பூசப்பட்ட கறுப்பு மேற்பூச்சு, புழைகள் நிறைந்த வைகோர் பொடியோடு போரான் ஆக்சைடைச் சேர்த்தே தயாரிக்கப்பட்டது என்பது தும்பாவை நினைவூட்டும் செய்தி. இஸ்ரோ 2007 ஜனவரியில் ஏவி, பன்னிரண்டு நாள் கழித்து வங்கக் கடலில் மீட்ட மீள்கலத்திலும் சிலிக்கா ஓடுகள் வெப்பத்தைத் தாங்கின. சிலிக்காவைத் தூயதாக வைத்திருப்பதும், அதில் எவ்வளவு போரான் எங்கே அமர வேண்டும் என்று முடிவு செய்வதும் அத்தகைய ஓடுகளின் ஆயுளோடு தொடர்புடைய வேலை.

இனி சேர்மானத்துக்கு வரலாம். வைகோருக்குத் தேவையான பிரிவு, ஆய்வகக் குடுவைக்கு எதிரி. வீட்டு அடுப்பிலும் பள்ளி ஆய்வகத்திலும் பழகிய பைரெக்ஸ் கண்ணாடியில் சிலிக்கா சுமார் 81 சதவீதமும், போரான் ஆக்சைடு 13 சதவீதமும், சோடியம் ஆக்சைடு 4 சதவீதமும் இருக்க, அலுமினா 2 சதவீத அளவே இருக்கிறது. அந்த 2 சதவீதம் ஒப்புக்குச் சேர்க்கப்பட்டதன்று. அலுமினியம் சிலிக்கா வலைக்குள் சிலிக்கானின் இருக்கையிலேயே அமரக்கூடியது. ஆனால் அதன் மின்சுமை சிலிக்கானைவிட ஒன்று குறைவு, அந்தக் குறையை ஈடுகட்ட ஒரு சோடியம் அயனி பக்கத்தில் நின்றாக வேண்டும். விளைவாக, போரான் பக்கம் ஓடியிருக்க வேண்டிய சோடியத்தின் ஒரு பகுதி சிலிக்கா பக்கமே தங்கிவிடுகிறது. இரண்டு பக்கங்களின் அமைப்பும் அந்த அளவுக்கு ஒன்றை ஒன்று நெருங்குவதால் பிரிய வேண்டிய தேவை குறைகிறது. பிரிவு தொடங்கும் வெப்ப எல்லை கீழே இறங்குகிறது. அந்தக் கீழ் வெப்பத்தில் கண்ணாடி ஏற்கெனவே இறுகிவிட்டிருப்பதால் அணுக்கள் நகரவும் வழியில்லை. சேர்மானம் ஒன்று செய்யும் வேலையின் முழு வடிவத்தையும் இந்த எடுத்துக்காட்டில் காணலாம். தான் எங்கே அமர்கிறது என்பதோடு அது நிற்பதில்லை. தன்னோடு யாரை இழுத்து வருகிறது, எந்த வெப்பத்தில் பிரிவைத் தொடங்க விடுகிறது, அணுக்கள் நகரும் வேகத்தை எவ்வளவு குறைக்கிறது ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் அலுமினா உறுதி தருகிறது என்று பாடநூல்கள் சொல்லி முடித்துக்கொள்வது உண்மைதான். ஆனால் அந்த உறுதி சோடியத்தின் இடமாற்றத்தால் வருவது என்று சேர்த்துச் சொன்னாலொழிய வேறு கண்ணாடிகளில் அதே அலுமினா தீங்கு செய்வது ஏன் என்று விளங்காது.

அந்தத் தீங்கைக் காணப் பூஜப்புரைக்குச் செல்ல வேண்டும். திருவிதாங்கூர் அரச குடும்பம் அளித்த சாட்டல்மண்ட் அரண்மனையில் இயங்கும் ஸ்ரீசித்ராவின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு, டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கிய செயற்கை இதய வால்வால் நாடறிந்தது; 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஸ்ரீசித்ரா உயர்ந்தது. வால்வின் புகழ் நிழலில் அதிகம் பேசப்படாத மற்றொரு பணி, எலும்புக் குறையை நிரப்பும் பீங்கான், கண்ணாடித் துகள்கள் பற்றியது. எலும்பின் கனிமமான ஹைட்ராக்சி அபடைட்டோடு உயிர்ச்செயல் கண்ணாடியைச் சேர்த்துச் சுட்ட துகள்களை இந்நிறுவனம் உருவாக்க, கொல்கத்தாவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பல் ஈறு நோயில் தேய்ந்த தாடை எலும்பை நிரப்பும் சிகிச்சையில் அவை இடம்பெற்றிருக்கின்றன.

உயிர்ச்செயல் கண்ணாடி என்பது உடலுக்குள் வைத்தால் சும்மா கிடக்காமல், மேற்பரப்பில் மெதுவாகக் கரைந்து, தன்மேல் தானே ஓர் அபடைட் படலத்தை வளர்த்துக்கொண்டு, எலும்போடு வேதிப் பிணைப்பாக ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி. 1969-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹெஞ்ச் கண்டறிந்த 45எஸ்5 என்ற முதல் கண்ணாடியில் எடைக் கணக்கில் சிலிக்கா 45 சதவீதம், சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் தலா 24.5 சதவீதம், பாஸ்பரஸ் ஆக்சைடு 6 சதவீதம் ஆகும். ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா 70 சதவீதத்துக்கு மேல் இருப்பதை ஒப்பிட்டால், இந்தக் கண்ணாடி வேண்டுமென்றே பலவீனமாக்கப்பட்டது என்பது விளங்கும். பலவீனமே இங்கே மருந்து. கரையாத கண்ணாடி எலும்போடு ஒட்டுவதில்லை.

பாஸ்பரஸ் வலை கட்டக்கூடிய தனிமம் என்பதால், இந்தக் கண்ணாடியிலும் அது சிலிக்கான்களோடு கைகோத்து வலையின் உறுப்பாக நிற்கும் என்று முதலில் கருதப்பட்டது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் உத்தியைக் கொண்டு, பாஸ்பரஸ் அணு தன்னைச் சுற்றி யாரைக் காண்கிறது என்று சோதித்தபோது வேறு சித்திரம் கிடைத்தது. பாஸ்பரஸின் பெரும்பகுதி வலையோடு சேராமல், நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த தனித்த பாஸ்பேட் அயனியாகவே நிற்கிறது. அதன் மூன்று எதிர்மின்சுமையை ஈடுகட்டச் சோடியமும் கால்சியமும் அதைச் சூழ வேண்டும். இங்கே சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். மூலக்கூறு எண்ணிக்கைக் கணக்கில், 45எஸ்5 கண்ணாடியின் 100 பங்கில் சிலிக்கா 46.1, சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் கூடி 51.3, பாஸ்பரஸ் ஆக்சைடு 2.6 பங்கு. ஒரு பங்கு பாஸ்பரஸ் ஆக்சைடு தனித்த பாஸ்பேட்டாக நிற்க மூன்று பங்கு கால்சியம் ஆக்சைடோ சோடியம் ஆக்சைடோ வேண்டும். ஆக 2.6 பங்கு, 7.8 பங்கை இழுத்துக்கொள்கிறது. வலையைத் தளர்த்த எஞ்சுவது 43.5 மட்டுமே. நூற்றுக்கு 3 பங்குகூட இல்லாத ஒரு சேர்மானம், வலையைத் தளர்த்தும் பொருளில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் தன் பக்கம் திருப்பிவிடுகிறது.

இதனால் நேர்வது என்ன? எலும்புக்குப் பாஸ்பரஸ் வேண்டும், ஆகவே கண்ணாடியில் பாஸ்பரஸைக் கூட்டினால் எலும்பு விரைவில் ஒட்டும் என்று எண்ணி, மற்றவற்றை மாற்றாமல் அதை மட்டும் ஏற்றினால், ஒவ்வொரு கூடுதல் பங்கும் மூன்று பங்கு சோடியம், கால்சியத்தைச் சிலிக்கா வலையிலிருந்து பறித்துக்கொள்கிறது. முறிந்த பாலங்கள் மீண்டும் இணைகின்றன. வலை இறுகி, கண்ணாடி மெதுவாகவே கரைகிறது. சேர்க்க நினைத்த நன்மையைச் சேர்மானமே தடுத்துவிடுகிறது. பாஸ்பரஸோடு அதற்கு ஈடான கால்சியத்தையும் சோடியத்தையும் சேர்த்து ஏற்றினால் மட்டுமே வலையின் தளர்வு குறையாமல், அபடைட் படலம் விரைவில் தோன்றுகிறது. கண்ணாடியின் செய்முறையைச் சதவீதப் பட்டியலாக மட்டும் படிப்பவர் காணாமல் விடுவது இந்த மறைமுக இழுப்பைத்தான்.

சூடேற்றும்போது இந்த இழுப்பு இன்னும் வெளிப்படையாகிறது. 45எஸ்5 கண்ணாடியைப் பொடியாக்கி அழுத்தி வடிவமாக்க வேண்டுமானால் சுட வேண்டும். 550 டிகிரியை ஒட்டிக் கண்ணாடி இளகத் தொடங்கியதும், சிலிக்கா செறிந்த நிலையும் பாஸ்பேட் செறிந்த நிலையும் தனித்தனியே பிரிகின்றன. அதற்கு மேல் சோடியம் கால்சியம் சிலிக்கேட் படிகங்களும், 800 டிகிரியை நெருங்குகையில் பாஸ்பேட் சார்ந்த படிகங்களும் வளர்கின்றன. படிகமானதால் உயிர்ச்செயல் முற்றிலும் மறைவதில்லை, ஆனால் அபடைட் படலம் தோன்றத் தாமதமாகிறது. ஹைட்ராக்சி அபடைட்டோடு சேர்த்துச் சுடும்போது கதை மேலும் சிக்கலாகிறது. கண்ணாடியின் சோடியமும் சிலிக்கானும் அபடைட்டுக்குள் நுழைய, அபடைட்டின் கால்சியமும் பாஸ்பேட்டும் கண்ணாடியோடு வினைபுரிய, உலையில் வைத்த இரண்டு பொருள்கள் உலையைத் திறக்கையில் மூன்று நான்கு பொருள்களாகியிருக்கும். ஆகவே ஒரு துகளின் தன்மை அதன் செய்முறைச் சீட்டில் மட்டும் இல்லை. எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் சுடப்பட்டது என்பதிலும் பாதி இருக்கிறது.

பிற சேர்மானங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஸ்ட்ரான்சியம் கால்சியத்தின் இடத்தில் ஏறத்தாழத் தொல்லையின்றி அமர்கிறது. ஃபுளோரின் சிலிக்கானோடு சேராமல் கால்சியத்தைத் தேடிச் சென்று அதனோடு ஒட்டிக்கொள்கிறது. துத்தநாகம் கரைவதைத் தாமதப்படுத்துகிறது. அலுமினாவோ, மேலே கண்ட அதே வேலையைச் செய்து, முறிந்த பாலங்களை மீட்டு, சோடியத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. சில சதவீத அலுமினாவே எலும்போடு ஒட்டும் தன்மையை அழித்துவிடும். ஆய்வகக் குடுவையைக் காப்பாற்றும் சேர்மானம் எலும்புக் கண்ணாடியைக் கெடுக்கிறது; காரணம் இரண்டிடத்திலும் ஒன்றே. அலுமினாப் பீங்கான் மூசையில் உயிர்ச்செயல் கண்ணாடியை உருக்குவது ஆபத்து என்பதும், பிளாட்டினம் மூசைக்குச் செலவழிப்பது ஆடம்பரமன்று என்பதும் இதனால் விளங்கும்.

பாப்பனங்கோட்டு ஆய்வகம் 1975-இல் தோன்றி, வட்டார ஆய்வகம் என்ற பெயரை நெடுங்காலம் தாங்கி, 2007-இல் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமானது. எம்.டி. செபாஸ்டியன் தலைமையில் அங்கு நடந்த நுண்ணலைப் பீங்கான் ஆய்வு உலக அளவில் மதிக்கப்படுகிறது. கைப்பேசியிலும் செயற்கைக்கோளிலும் பயன்படும் இத்தகைய பீங்கான்களுக்கு 1,300 டிகிரியை ஒட்டிய சுடுவெப்பம் வேண்டும். அவற்றோடு சேர்த்துச் சுட வேண்டிய வெள்ளி இழைகளோ 961 டிகிரியிலேயே உருகிவிடும். லித்தியம், மக்னீசியம், துத்தநாகம் கலந்த போரோசிலிக்கேட் கண்ணாடியைச் சிறிதளவு சேர்த்தால் பீங்கான் 950 டிகிரிக்குள் இறுகிவிடுகிறது. ஆனால் கண்ணாடி அளவுக்கு மீறினால், அல்லது பீங்கான் மணிகளோடு தனிமங்களைப் பரிமாறிக்கொண்டால், நுண்ணலை வீணாகும் அளவு உயர்ந்துவிடும். போரான் மணிகளின் எல்லையில் நிற்க வேண்டும், உள்ளே போகக் கூடாது என்பதே அங்கு நடக்கும் போராட்டம்.

கொச்சுவேளியின் பங்கு வேறு விதமானது. திருவிதாங்கூர் கடற்கரையின் கறுப்பு மணல், 1909-இல் ஜெர்மானிய வேதியியலார் ஷோம்பர்க், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிவந்த மணலில் மோனசைட்டைக் கண்டதிலிருந்து உலகக் கவனத்துக்கு வந்தது. அதே மணலின் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்க 1946-இல் நிறுவப்பட்ட திருவாங்கூர் டைட்டானியம் ஆலை 1951-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பெயின்ட்டுக்கான வெள்ளை நிறமியாகவே இதைப் பலரும் அறிவர். கண்ணாடியியலில் டைட்டானியம் பிரிவைத் தூண்டும் சேர்மானம். 1953-இல் கார்னிங் ஆய்வகத்தில், 600 டிகிரியில் வைக்க வேண்டிய ஒரு கண்ணாடி உலைக் கோளாறால் 900 டிகிரிக்குச் சூடாகி, உருகாமல் வெள்ளைப் பீங்கானாக மாறியதைக் கண்ட டொனால்ட் ஸ்டூக்கி, கண்ணாடியைக் கட்டுப்பாட்டோடு படிகமாக்கும் துறையைத் தொடங்கினார். பின்வந்த சமையல் பாத்திரக் கண்ணாடிப் பீங்கான்களில், சில சதவீத டைட்டானியா முதலில் அலுமினியத்தையும் இழுத்துக்கொண்டு நுண்துளிகளாகப் பிரிகிறது. அந்தத் துளிகளே படிகங்களுக்கு வித்தாகின்றன. பிரிவைத் தடுக்க வந்த அலுமினியமும் டைட்டானியம் இருந்தால் பிரியும் பக்கத்தில் சேர்ந்துவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஒரு தனிமம் தவறான பக்கம் சேர்ந்தால் நேரும் கேடு மிகப் பெரிதாக இருக்கும் இடம் அணுக்கழிவு. பயன்படுத்திய எரிபொருளிலிருந்து யுரேனியமும் புளூட்டோனியமும் பிரித்தெடுத்தபின் எஞ்சும் திரவத்தில் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 போன்ற கதிர்வீச்சுத் தனிமங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பாதியாகக் குறையவே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகும். இவற்றைப் போரோசிலிக்கேட் கண்ணாடியோடு உருக்கி, எஃகுக் கலன்களில் ஊற்றி உறையவைக்கும் பணி ட்ராம்பேயிலும் தாராப்பூரிலும் தமிழ்நாட்டின் கல்பாக்கத்திலும் நடக்கிறது. கண்ணாடி பல தனிமங்களை ஏற்கும். ஆனால் சல்பேட்டை ஒரு சதவீத அளவுக்கு மேல் ஏற்க மறுக்கும். ட்ராம்பேயின் பழைய கழிவில், புளூட்டோனியத்தைப் பிரிக்கப் பயன்படுத்திய இரும்பு சல்ஃபமேட்டின் விளைவாகச் சல்பேட் மிகுந்திருந்தது.

ஏற்கப்படாத சல்பேட் உருகிய குழம்பின்மேல் மஞ்சள் நிற உப்பாக மிதக்கும். அது பெரும்பாலும் சோடியம் சல்பேட். நீரில் எளிதாகக் கரைவது. மாலிப்டினமும் மிகையானால் இத்தகைய மஞ்சள் உப்பில் சேரும். கேடு அதோடு நிற்பதில்லை. சீசியம் சோடியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. சோடியம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே அதுவும் போகும். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கண்ணாடிக்குள் அடைபட்டிருக்க வேண்டிய சீசியம், தண்ணீர் பட்டால் கரையும் உப்பில் சென்று குடியேறிவிடுகிறது. கழிவின் மொத்த அமைப்பைக் கண்ணாடிக் கட்டிகளில் அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பங்கீட்டை அளந்தால்தான் ஆபத்து தெரியும்.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலார் இதற்குக் கண்ட தீர்வு பேரியம் ஆக்சைடு. பேரியம் பெரிய அயனி. ஆக்சிஜனை இறுகப் பிடிக்காதது. வலையைத் தளர்த்திச் சல்பேட் அமர இடம் தருவது. அதைவிட முக்கியமாக, சல்பேட்டோடு பேரியத்துக்கு உள்ள ஈர்ப்பு சோடியத்தைவிட மிக வலியது. எக்ஸ்ரே படத்துக்காக நோயாளிகள் விழுங்கும் பேரியம் சல்பேட் குடலில் கரையாமலே வெளியேறுவதற்குக் காரணமான அதே ஈர்ப்பு இங்கே பயன்படுகிறது. பேரியம் சேர்ந்த போரோசிலிக்கேட் கண்ணாடி, பேரியமில்லாததைவிடக் கூடுதலான சல்பேட்டைத் தன்னுள் ஏற்கிறது. எல்லை மீறிப் பிரிய நேர்ந்தாலும், பிரிவது நீரில் கரையாத பேரியம் சல்பேட். அதில் சோடியத்துக்கு இடமில்லை, ஆகவே சீசியமும் கண்ணாடியிலேயே தங்குகிறது. பிரிவை முழுவதும் ஒழிக்க முடியாத இடத்தில், யார் பிரிய வேண்டும் என்பதை மாற்றிவிட்ட இந்தத் தீர்வு, சேர்மான வேதியியலில் இந்தியாவில் நிகழ்ந்த மிக நேர்த்தியான வேலைகளில் ஒன்று என்று துணிந்து சொல்லலாம். கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வேறொரு பாதையையும் ஆராய்ந்திருக்கிறது: சிலிக்காவையே விட்டுவிட்டு, இரும்பு பாஸ்பேட் கண்ணாடியை அடிப்படையாகக் கொண்டால், போரோசிலிக்கேட் ஏற்கத் தயங்கும் தனிமங்கள் பலவற்றை அது ஏற்கிறது.

ட்ராம்பேக் கழிவிலிருந்து தனியே பிரித்தெடுத்த சீசியம், கண்ணாடியாக வார்க்கப்பட்டு எஃகுக் குழலில் அடைக்கப்பட்ட பென்சில்களாக இன்று மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. நீரில் கரையும் சீசியம் குளோரைடு பல நாடுகளில் செய்துவந்த வேலையை, நோயாளிக்கு ஏற்றுமுன் இரத்தத்தைக் கதிரூட்டும் வேலையை, இந்தியாவில் அந்தக் கண்ணாடி செய்கிறது.